வெயிலும் காற்றும் செடியும்



சித்திரை மாதத்து நடுப்பகலில், மணி ஒன்று அடிக்கும் வேளையில், உங்கள் வீட்டுப் புறக்கடையில் படர்ந்திருக்கும் பூசணிக்கொடியைச் சற்றே சென்று பாருங்கள். காலையில் குடைபோல் விரிந்து நின்ற இலைகள் எல்லாம் காம்பு தளர்ந்து, தலை கவிழ்ந்து, துவண்டு கிடக்கும். பார்ப்பவர் மனம் இளகும். உடனே ஒரு குடம் நீரைக் கொண்டுவந்து வேரில் ஊற்றுவோம். மாலையில் கொடி நிமிர்ந்துவிடும். நாம் ஊற்றிய நீரே அதைப் பிழைக்கவைத்தது என்று மகிழ்வோம். ஆனால் அந்தக் குடத்து நீரை ஊற்றாதிருந்தாலும் அந்தக் கொடி மாலையில் நிமிர்ந்திருக்கும்!

இந்த உண்மையை நான் புத்தகத்தில் முன்னரே படித்திருந்தேன். பிள்ளைகளுக்குக் கற்பித்தும் இருந்தேன். ஆயினும் அதை உள்ளபடி உணர்ந்துகொள்ள எனக்கு ஒரு தோட்டம் முழுவதும் அழிய வேண்டியிருந்தது.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, பல்லடம் வட்டாரத்தில் ஒரு பள்ளியில் நான் தாவரவியல் ஆசிரியனாக இருந்தேன். அந்தச் சீமையின் இயல்பை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில்போல் நிற்கிறது. அம்மதிலில், வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையே, சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்திற்கு ஒரு வாயில் திறந்திருக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையாள நாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, அவ்வாயில் வழியாக ஈரம் குன்றிய வேகக்காற்றாக எங்கள் சமவெளியில் பாய்கிறது. வைகாசிக் கடைசியில் தொடங்கினால் ஆவணி முடியும்வரை ஓயாது. பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கங்களில் இன்று காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதற்கும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் முகப்பிலே முப்பந்தலில் அவை காடுபோல் பெருகியதற்கும் இதுவே காரணம். மின்சாரத்திற்கு வரமான இக்காற்றே கத்தரிச்செடிக்குச் சாபமாகிறது.

பள்ளியின் பின்புறத்தில் ஐந்து சென்ட் அளவுள்ள வெற்றிடம் ஒன்று இருந்தது. மாணவர்களைக்கொண்டு அங்கே ஒரு காய்கறித் தோட்டம் போடுவதென்று முடிவு செய்தோம். பங்குனி மாதத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகள் எண்பதை வாங்கிவந்து நட்டோம். ஒரு பிள்ளைக்கு ஒரு செடி. ஆறாம் வகுப்புப் பெண்ணொருத்தி ஓர் ஐஸ் குச்சியில் தன் பெயரை எழுதித் தன் கத்தரிச்செடியின் அடியில் நட்டு வைத்தாள்; அதைக் கண்டு மற்றவர்களும் அவ்வாறே செய்தனர். கோடை விடுமுறை வந்தது. "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கவலையின்றிப் போய் வாருங்கள்" என்று அவர்களை அனுப்பிவைத்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது எண்பதில் பதினொன்றுதான் எஞ்சி நின்றன. பெயர் எழுதிய குச்சிகள் மட்டும் எண்பதும் இருந்தன. அந்தப் பெண் தன் குச்சியின் அருகே குந்தி அமர்ந்து, "நான் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்து தண்ணீர் ஊற்றியிருக்கலாமே, ஐயா" என்றாள். நான் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியவன். குற்றம் அவளுடையது அன்று. நீர் போதாமையும் அன்று. பின் எவருடையது, எதனால் என்பதைத்தான் இப்பொழுது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில், செடி எதற்காக வாடுகிறது என்று பார்ப்போம்.

ஒரு செடி வேரினால் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் அதன் உடம்பில் தங்குவதே இல்லை. அது தண்டின் வழியே ஏறி, இலைகளிலுள்ள நுண்ணிய துளைகளின் வழியாக ஆவியாகி வெளியேறிவிடுகிறது. இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் இதனை முதன்முதலில் முறையாக அளந்தவர். 1727-இல் வெளிவந்த அவருடைய நூலில் அந்தச் சோதனை விரிவாக எழுதப்பட்டுள்ளது. மூன்றரை அடி உயரமுள்ள சூரியகாந்திச் செடி ஒன்றைத் தொட்டியோடு எடுத்து, மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடிவிட்டு, நாள்தோறும் காலையும் மாலையும் எடை போட்டார். பன்னிரண்டு மணி நேரப் பகலில் அச்செடி சராசரியாக ஒன்றேகால் பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் சற்று மிகுதியான நீரை வெளியேற்றியது. வறண்ட வெப்பம் மிகுந்த நாளிலோ ஏறக்குறைய இரண்டு பவுண்டை எட்டியது. தராசு ஒன்றைத் தவிர வேறு விலையுயர்ந்த கருவி எதுவும் அவரிடம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். இச்சோதனையை நீங்களும் செய்யலாம். ஈயத் தகட்டிற்குப் பதில் பிளாஸ்டிக் தாள் போதும். ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிச் செடிகளை எடுத்து, ஒன்றைக் காற்று மறைவிலும் மற்றொன்றைக் காற்று வீசும் இடத்திலும், ஆனால் இரண்டிலும் வெயில் ஒன்றுபோல் விழுமாறு வைத்து, மளிகைக் கடைத் தராசில் எடை போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு நீரைச் செடி ஏன் வீணடிக்கிறது என்று கேட்கத் தோன்றும். அதில் ஒரு பயன் உண்டு. நம் உடம்பு வியர்வையால் குளிர்வதுபோல, இலை நீராவிப்போக்கினால் குளிர்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இதே முறையில்தான். நண்பகலில் நீர் வெளியேறும் வேகத்திற்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. கணக்கில் பற்று மிகுந்து வரவு குறைகிறது, இலை துவள்கிறது. துவண்டு சாய்ந்த இலையின்மேல் உச்சி வெயில் நேராக விழுவதில்லை. ஆகவே அந்தத் துவளுதலே ஒருவகையில் தற்காப்பாகிறது. மாலையில் வெயில் தாழ்ந்ததும் வரவு பற்றுக்குச் சமமாகிறது, இலை நிமிர்கிறது. இது தற்காலிக வாட்டம். இரவு முழுவதும் கழிந்து விடியற்காலையிலும் இலை நிமிராமல் இருந்தால்தான் மண்ணில் ஈரம் இல்லை என்று பொருள். அல்லது வேரில் நோய் என்று பொருள்.

என் முதல் தவறு இங்கே நிகழ்ந்தது. பகல் ஒரு மணிக்குச் செடிகள் வாடியதைக் கண்டு நீர் ஊற்றினேன். மறுநாளும் வாடின, மறுநாளும் ஊற்றினேன். மண் சேறாயிற்று. வேருக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். மண்ணின் நுண்ணறைகள் எல்லாம் நீரால் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. செடி மேலும் வாடுகிறது. நான் மேலும் ஊற்றினேன். தாகத்தால் சாகிறது என்று நினைத்து அதை நீரில் மூழ்கடித்துக் கொன்றேன். இப்பொழுதெல்லாம் நான் நடுப்பகலில் இலையைப் பார்ப்பதில்லை. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் செலுத்திப் பார்க்கிறேன். ஈரம் தட்டுப்பட்டால் வந்த வழியே திரும்பிவிடுகிறேன்.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. வெயில் நேரத்தில் இலைமேல் நீர்த்துளி விழுந்தால் அது பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்து இலையைப் பொசுக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சில பாடப்புத்தகங்களிலும் அது இடம்பெற்றிருந்தது. ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டனர். வழுவழுப்பான இலையில் துளி தட்டையாகப் படிந்துவிடுவதால் ஒளி இலைமேல் குவிவதில்லை. இலை கருகுவதும் இல்லை. மெழுகு பூசியதுபோன்ற மயிர்கள் நிறைந்த இலைகளில் மட்டும், துளி மயிர்களின் நுனியில் உருண்டையாக நின்றால், பொசுக்கக்கூடும். ஆகவே கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்த அச்சம் வேண்டியதில்லை. ஆயினும் நான் காலையில்தான் நீர் விடுகிறேன். பகலில் ஊற்றும் நீரில் பெரும்பகுதி செடிக்குச் சேராமல் காற்றுக்கே சேர்கிறது.

இனி வெயிலைப் பார்ப்போம். வெயில் செடிக்கு உணவாயிற்றே. அதை எதற்காகத் தடுப்பது? ஐயம் நியாயமானதே. ஆனால் உணவிலும் ஓர் அளவு உண்டு. தக்காளி, கத்தரி, அவரை போன்றவற்றின் ஓர் இலை, முழு வெயிலின் பாதிக்கும் குறைந்த ஒளியிலேயே தன்னால் இயன்ற அளவு உணவைத் தயாரித்துவிடுகிறது. அதற்குமேல் விழும் ஒளி அதற்குப் பயன்படாத சுமை. அது வெப்பமாகவே மிஞ்சுகிறது. சோளம், கம்பு, கரும்பு ஆகியவை வேறு இனம். அவை கொளுத்தும் வெயிலையும் முழுவதும் பயன்படுத்திக்கொள்ளும் வேதியியல் முறையைப் பெற்றவை. கம்பங்கொல்லைக்குப் பந்தல் போடுவார் எவரும் இல்லாததன் காரணம் இதுவே.

வெயிலின் கொடுமை பல வடிவங்களில் தோன்றும். இலையின் ஓரமும் நுனியும் தாள்போல் காய்ந்து பழுப்பேறுவது ஒன்று. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போது தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து, பூக்கள் காய் பிடிக்காமல் உதிர்வது மற்றொன்று. பிஞ்சுகளை மறைத்திருக்கும் இலைகளை, காற்றோட்டம் வேண்டுமென்று நாமே கிள்ளி எறிந்துவிட்டால், காயின் மேற்குப் பக்கத்தில் வெள்ளையாகக் கொப்புளம் கட்டியதுபோல் ஒரு தழும்பு உண்டாகும். அது நோயன்று, வெயிற்காயம். மா, எலுமிச்சைக் கன்றுகளின் தண்டிலும் இது தோன்றிப் பட்டை வெடிக்கும். அதைத் தடுக்கவே இளங்கன்றின் தண்டில் சுண்ணாம்பு பூசுகிறார்கள்.

திசையைப்பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். இதில் பலரும் இடறுகிறார்கள். இங்கிலாந்தில் எழுதப்பட்ட தோட்டநூல்களில் தெற்குச் சுவர்தான் வெப்பமானது, வடக்குப் புறம் எப்பொழுதும் நிழல் என்று கண்டிருக்கும். அந்நாட்டிற்கு அது மெய். நம் நாடு நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் உள்ளது. கோயம்புத்தூரில் ஏப்ரல் 18-ஐ ஒட்டி நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறான். அதன்பின் ஆகஸ்டு 24 வரையில் நண்பகலில் அவன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறான்! சென்னையில் ஏப்ரல் 25 முதல் ஆகஸ்டு 18 வரை அவ்வாறே. ஆகவே மார்கழியில் நிழலாக இருந்த வடக்குப்புறத் தொட்டிகள் வைகாசியில் வெயிலில் காயும். ஐரோப்பிய நூலை நம்பி வடக்குத் தாழ்வாரத்தில் பெரணிகளை வைத்து இழந்தவரை நான் அறிவேன்.

கிழக்கு வெயிலும் மேற்கு வெயிலும் ஒளியில் சமமே. ஆனால் காலை எட்டு மணிக்குக் காற்று குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கிறது; பிற்பகல் மூன்று மணிக்குக் காற்றும் மண்ணும் சுவரும் எல்லாம் கொதித்துக் கிடக்கின்றன. ஆகவே ஒரு பக்கம் மட்டும் மறைப்புக் கட்ட வசதி இருக்குமாயின் அது மேற்குப் பக்கமாக இருக்கட்டும். தென்னங்கன்றை நட்டவர்கள், அதன் மேற்கே ஒரு பனையோலையையோ முடைந்த தென்னங்கீற்றையோ சாய்த்து நட்டுவைப்பதைக் கிராமங்களில் காணலாம். செலவில்லாத மருந்து அது.

இந்நாளில் கடைகளில் நிழல்வலை விற்கிறது. 35, 50, 75 என்று அதற்கு எண் உண்டு. நூற்றில் அத்தனை பங்கு ஒளியை அது தடுக்கும் என்பது பொருள். காய்க்கும் செடிகளுக்கு 35 போதும். கீரைக்கும் நாற்றங்காலுக்கும் 50. பெரணி, அந்தூரியம் போன்ற நிழல்விரும்பிகளுக்கு 75. அதிக எண் அதிகப் பாதுகாப்பு என்று எண்ணி 75-ஐத் தக்காளிக்குக் கட்டுபவர்களுக்கு, நெட்டையாக வளர்ந்த வெளிறிய கொடிதான் கிடைக்கும், காய் கிடைக்காது. வலையைச் செடியின் தலைமேல் போர்வைபோல் போர்த்தாமல், ஆறேழு அடி உயரத்தில் நான்கு பக்கமும் காற்றுப் புகுமாறு கட்ட வேண்டும். இல்லையேல் அடியில் சூடு தேங்கி, வெயிலினும் கொடியதாகும்.

என் இரண்டாவது தவறு நிழலைச் சார்ந்ததே. நாங்கள் வாங்கிய நாற்றுகள் பசிய வலையின் கீழ், தென்றல்கூடப் படாமல், மெல்லிய இலைகளோடு வளர்ந்தவை. அவற்றை ஒரே நாளில் பங்குனி வெயிலில் நட்டுவிட்டேன். நிழலில் விரிந்த இலை மெல்லியது. அதன் மேல்தோலின் மெழுகும் குறைவு. வெயிலுக்கேற்ற தடித்த இலை புதிதாகத்தான் துளிர்க்க வேண்டும். பழைய இலை ஒரே நாளில் மாறிக்கொள்ளாது. முதல் நாள் காலையில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று ஏழெட்டு நாள் வெயிலுக்குப் பழக்கி, பின்னர் ஒரு மாலைப்பொழுதில் நட்டிருக்க வேண்டும். கழனியில் நாற்று நடும் எங்கள் ஊர்ப் பெண்கள் இதை எனக்குச் சொல்லியிருப்பார்கள், நான்தான் கேட்கவில்லை.

இனிக் காற்று. மூன்றாவது தவறு, மூன்றிலும் பெரியது, இங்கேதான்.

ஓர் இலையைச் சுற்றி எப்பொழுதும் அசைவற்ற மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஆடைபோல் ஒட்டியிருக்கிறது. இலையிலிருந்து வெளியேறும் ஈரம் அப்படலத்தில் சற்றுத் தங்கி, மேலும் நீர் வெளியேறுவதை மட்டுப்படுத்துகிறது. காற்று வேகமாக வீசினால் அவ்வாடை உரிந்துபோகிறது. அக்காற்று வறண்டதாகவும் இருந்துவிட்டால், இலை விரைந்து ஈரத்தை இழக்கிறது. கொடியில் உலர்த்திய வேட்டி காற்றடித்தால் எத்துணை விரைவில் காய்கிறது! இதன்மேலும் இலைகள் ஒன்றோடொன்று மோதிக் கிழிகின்றன. தண்டு ஆட ஆட, அடியில் புதிதாக ஓடிய மெல்லிய வேர்கள் அறுகின்றன. கடற்கரை ஊர்களில் காற்று உப்பையும் சுமந்துவருவதால் இலையோரம் கருகும். அங்கே மாலையில் நன்னீரால் இலையைக் கழுவிவிடுவது நல்லது.

வாழையிலை கிழிவதை எல்லோரும் சேதம் என்றே எண்ணுகிறோம். உணவு பரிமாறும் நமக்கு அது சேதமே. ஆனால் வாழைக்கு அவ்வளவு கேடில்லை. அகன்ற இலை நரம்பையொட்டி நாடா நாடாவாகக் கிழிந்தபின், காற்று அதனூடே நுழைந்து போகிறது; மரத்தின்மேல் விழும் தள்ளுவிசை குறைகிறது. குறுகிய நாடாக்கள் அகன்ற இலையைவிட எளிதில் சூடு தணிகின்றன. குலை தள்ளிய வாழைக்கு உண்மையான ஆபத்து மரமே சாய்வதுதான். அதற்குச் சவுக்குக் கம்போ மூங்கிலோ முட்டுக் கொடுத்து, அடியில் மண் அணைக்க வேண்டும்.

சிறிதளவு காற்று செடிக்கு நன்மையும் செய்கிறது. தண்டை நாள்தோறும் சிறிது தடவி அசைத்தாலே செடி குட்டையாகவும் தடித்தும் வளர்கிறது என்பதை அமெரிக்கத் தாவரவியலார் ஜாஃபே 1973-இல் விளக்கினார். ஆகையால் மரக்கன்றுக்கு ஊன்றுகோல் நடும்போது, கொலைக்குற்றவாளியைக் கட்டுவதுபோல் கழுத்து வரை இறுக்கிக் கட்டாதீர்கள். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்குக் கீழே, எட்டு வடிவத்தில் தளர்வாகச் சணல் கயிற்றால் கட்டுங்கள். தலை ஆடட்டும், வேர் ஆடாதிருக்கட்டும்.

நான் என்ன செய்தேன்? காற்று மேற்கிலிருந்து வருகிறதென்று அறிந்து, தோட்டத்தின் மேற்கெல்லை முழுவதும் ஆறடி உயரத்திற்குத் தகரத்தை வரிசையாக அடித்து மறைத்தேன். ஓர் ஊசி நுழையவும் இடமில்லை. காற்றை வென்றுவிட்டேன் என்று இறுமாந்தேன். வைகாசிக் கடைசியில் காற்று தொடங்கிய மூன்றாம் நாள் சென்று பார்த்தபோது, தகரத்திற்குச் சில அடி தள்ளியிருந்த வரிசைகளில் செடிகள் சாய்ந்து கிடந்தன. என்னைத் திகைக்கவைத்தது, அவை சாய்ந்த திசை. மேற்குக் காற்றில் சாய்ந்த செடி கிழக்கே தலை வைத்துக் கிடக்க வேண்டும் அன்றோ? அவையோ மேற்கே, தகரத்தை நோக்கித் தலை வைத்துக் கிடந்தன.

பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த என் தாய்மாமன் அச்சமயம் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். அவரை அழைத்துவந்து காட்டினேன். தகரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்ப்பா மாப்பிள்ளை, வர்ற காத்துக்கு வழியே உடாம அடைச்சுப்போட்டா அது எங்கெ போகும்? மேல ஏறி இந்தப் பக்கம் குதிச்சுச் சுத்தும்" என்றார். "கொடிக்காலுக்குள்ள ஒருக்கா வந்து நின்னு பாரு" என்றும் சொன்னார்.

அவர் சொன்னது இயற்பியல் ஆகும். காற்று ஊடுருவ முடியாத சுவரில் மோதினால், அது மேலெழும்பிச் சுவரைத் தாண்டுகிறது. சுவரின் மறுபுறத்தில் அழுத்தம் குறைவதால், தாண்டிய காற்று கீழே இழுக்கப்பட்டுச் சுழல்கிறது. அச்சுழலின் அடிப்பகுதி தரையை ஒட்டிச் சுவரை நோக்கியே திரும்பி வீசுகிறது. என் செடிகள் மேற்கே சாய்ந்த காரணம் இதுவே. போதாக்குறைக்கு, காலை வெயில் தகரத்தில் பட்டுத் தெறித்து அச்செடிகளின்மேலேயே விழுந்தது. இருபுறத்து வெயில்!

மாறாக, பாதிக்குப் பாதி இடைவெளியுள்ள ஒரு வேலியில் காற்று மோதினால், ஒரு பகுதி ஊடே வடிந்து மெதுவாக வெளிவருகிறது. அந்த மென்காற்று ஒரு மெத்தைபோல் அமைந்து, மேலே தாண்டும் காற்றைக் கீழே குதிக்கவிடாமல் தாங்குகிறது. நூற்றில் நாற்பது முதல் ஐம்பது பங்கு வரை இடைவெளியுள்ள தடுப்பே மிகச் சிறந்தது என்று அளந்து கண்டிருக்கிறார்கள். தடுப்பின் உயரத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரம் வரை நல்ல பயன் கிடைக்கும். அதாவது ஆறடி வேலிக்கு அறுபது அடி. வேகம் பாதியானாலே போதும். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிப்படி மாறுவதால், அது நாலில் ஒரு பங்காகிவிடும்.

மாமா அழைத்தவாறே ஒருநாள் கொடிக்காலுக்குச் சென்றேன். சோழவந்தானிலும் ஆத்தூரிலும் காவிரிக் கரையிலும் வெற்றிலை பயிரிடுவோர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவதை அங்கே கண்டேன். வெற்றிலைக் கொடியை நடுமுன்னரே பாத்திகளில் அகத்தியை வரிசையாக விதைத்து வளர்த்துவிடுகிறார்கள். அகத்தி கொடிக்குக் கொழுகொம்பு. அதன் நுண்ணிய இலைக்கூட்டம் கொடிக்குப் பந்தல். ஓர வரிசைகள் காற்றுக்குச் சல்லடை. பதின்மூன்று அடி அளவுக்கு உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். வெளியே பிடரியைச் சுடும் வெயில்; உள்ளே நுழைந்தால் ஈரமும் குளிர்ச்சியும். காற்று இருந்தது, ஆனால் ஓசையின்றி இருந்தது. வெற்றிலை என்பது சிறிதும் வறட்சி தாங்காத கொடி. அதை இந்த வெயில் நாட்டில் அவர்கள் வளர்த்துக்காட்டுகிறார்கள். 2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அவ்வகத்திக்கும் அதில் பங்குண்டு என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அவ்வாண்டு ஐப்பசி மழையில் பள்ளித் தோட்டத்தின் மேற்கே நாங்கள் புதிய வேலியைத் தொடங்கினோம். வெளிவரிசையில் கிளுவைப் போத்துகள். அதற்கு உட்புறம் அகத்தி. அதற்கும் உள்ளே ஆமணக்கு. காய்கறிப் பாத்திகளுக்கும் ஆமணக்கிற்கும் இடையே ஐந்தடி விட்டு, ஓரடி ஆழத்தில் ஒரு பள்ளமும் வெட்டினோம். வேலியின் வேர் செடியின் உணவைத் திருடாதிருக்க வேண்டும். அடுத்த வைகாசிக்குள் அகத்தி பத்தடியைத் தாண்டிவிட்டது. அத்துடன், செடிகளின் அடியில் காய்ந்த சருகையும் வைக்கோலையும் மூன்று அங்குலக் கனத்திற்குப் பரப்பினோம். இம்மூடாக்கு வெயிலும் காற்றும் மண்ணிலிருந்து ஈரத்தைக் கவர்வதைத் தடுப்பதோடு, வேரைச் சூட்டினின்றும் காக்கிறது. தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரற்கிடை வெறுமையாக விட வேண்டும். ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும்.

மாடியில் தொட்டி வைத்திருக்கும் நகரத்து மாணவர்களுக்கு ஒரு சொல். தளத்தின் சூடு தொட்டியின் அடியில் ஏறாதபடி செங்கல் வைத்து உயர்த்துங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் வேரை அவித்துவிடும். மண்தொட்டி கசிந்து குளிரும். தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழலும் ஈரமும் மற்றொன்றிற்குப் பயன்படும். கைப்பிடிச் சுவர் காற்றுக்குக் காப்பு என்று அதன் அடியில் ஒதுக்காதீர்கள். அது என் தகரத்தின் தம்பி.

புயலுக்கு இவற்றுள் எதுவும் ஈடாகாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர்ப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் பெயர்த்தெறிந்தது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரணியம் அருகே கரையேறி, தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் தலைமுறைத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அங்கே வேலியின் பேச்சு எடுபடாது. ஐப்பசிக்கு முன்னரே மரங்களின் அடர்ந்த கிளைகளை அளவாகக் கழித்து, உலர்ந்த மட்டைகளை அகற்றிக் காற்றுக்கு வழிவிடுவதொன்றே நம்மால் இயல்வது.

புதிய வேலி எழுந்த ஆண்டில் எண்பது நாற்றுகளை மீண்டும் நட்டோம். இம்முறை தைத் தொடக்கத்திலேயே நட்டு, வெயிலுக்குப் பழக்கி, சித்திரையில் 35 எண் வலையை மேற்குப்புறம் சற்றுத் தாழ்த்திக் கட்டினோம். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அறுபத்திரண்டு செடிகள் நின்றன. ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்ட அந்தப் பெண் தன் பழைய குச்சியையே கொண்டுவந்து நட்டிருந்தாள். எழுத்து மங்கியிருந்ததால் அதன்மேல் மறுபடி எழுதியிருந்தாள். அவளுடைய கத்தரியில் நான்கு காய்கள் தொங்கின. தகரங்களைப் பள்ளிக் காவலாளி தம் மாட்டுக்கொட்டகைக்குக் கேட்டார். கூரைக்குப் போடுவதாயின் எடுத்துச் செல்லலாம், மேற்குச் சுவருக்கு வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன்.